இயந்திரம் கழித்துத் தள்ளும் காசு

சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்து அனுப்பிய காலம் நம்மில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அமெரிக்காவில் சங்கதி நேர் எதிராக இருக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பெரிய கண்ணாடிச் சாடி இருக்கும். கடைக்குப் போய் வந்தால் பையில் கிடக்கும் சில்லறையை அதில் போட்டுவிடுவார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சாடி நிரம்பினால், அதைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கு வருவார்கள். வங்கிக்கு அல்ல, மளிகைக் கடைக்கு! கடை வாசலை ஒட்டிப் பச்சை நிறத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. அதில் காசைக் கொட்டினால் மடமடவென்று எண்ணி, தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, மீதித் தொகைக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். சீட்டைக் கல்லாவில் நீட்டினால் நோட்டு கிடைக்கும்.

ஜென்ஸ் மோல்பாக் என்பவர் மாணவராக இருந்தபோது, 1991இல், காயின்ஸ்டார் என்ற பெயரில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பிரிட்டனிலும் பெரிய மளிகைக் கடைகளில் இதே இயந்திரம் உண்டு. கமிஷன் கடைக்குக் கடை மாறுகிறது என்றாலும், நூறு டாலருக்குப் பத்து டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ரொக்கம் வேண்டாம், ஏதாவது ஒரு பெரிய கடையின் பரிசு அட்டையாகக் கொடு என்றால் கமிஷன் கிடையாது. நூற்றுக்கு இரண்டு நின்றால் போதும் என்று சர்க்கரை விற்கிற நமக்கு, எண்ணிக் கொடுப்பதற்கே பத்துக்கு மேல் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கடைக்காரருக்கு இதில் நஷ்டம் ஏதுமில்லை. வாசலில் நான்கடி இடம் கொடுத்ததற்குக் கமிஷனில் பங்கு வருகிறது. சீட்டோடு கல்லாவுக்கு வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவதும் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது கமிஷன் பற்றி அல்ல. அந்த இயந்திரத்தின் முகப்பில், கீழே, கை நுழையும் அளவில் ஒரு கிண்ணம் இருக்கிறது. ஏற்காத காசையெல்லாம் இயந்திரம் அதில் தள்ளிவிடும். நம் மண்டிப் பேச்சில் கழிசல் தட்டு எனலாம். கொட்டியவர் சீட்டை வாங்கிய வேகத்தில் கல்லாவுக்குப் போய்விடுவார்; தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படி விட்டுப்போனதில் சில நாட்கள் வெள்ளிக்காசு கிடக்கும். இதற்கென்றே கடைக்குக் கடை தட்டைத் தடவிப் பார்க்கும் சேகரிப்பாளர்கள் அங்கே இருக்கிறார்கள். நல்ல காசு எப்படிக் கழிசலில் விழுகிறது என்பதில்தான் வியாபாரிக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

நம் பெரியவர்கள் காசைக் கல்லில் சுண்டிப் பார்த்து ஓசையைக் கேட்டு வாங்கினார்கள். நல்ல காசா, கெட்ட காசா என்பதுதான் அவர்கள் கேள்வி. இயந்திரத்துக்கு அந்தக் கேள்வியே கிடையாது. 'நான் அறிந்த காசுதானா இது?' என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

கொட்டிய காசு முதலில் துளையிட்ட உருளைக்குள் புரண்டு, தூசியும் தும்பும் உதிர்ந்து, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்து ஓர் உணர்கருவியைக் கடந்து போகும். அந்த ஒரு கணத்தில் காசின் அளவும், அதன் உலோகத்தில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதும் அளந்தாகிவிடும். இதற்கு மின்காந்த அலையைப் பயன்படுத்துகிறார்கள். வேகமாகத் துடிக்கும் அலை காசின் மேல்தோலை மட்டும் பார்க்கும். மெதுவாகத் துடிப்பது உள்ளே வரை போகும். அரிசி மூட்டையில் மேலே ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதோடு நிற்காமல், குத்தூசி போட்டு நடுவிலிருந்தும் எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அது மாதிரி. மேலும் உள்ளும் சேர்ந்து, அதனிடம் எழுதி வைத்திருக்கும் கணக்கோடு பொருந்தினால் ஏற்கும். பொருந்தாவிட்டால் கழிசல்.

அதனால் தட்டில் என்னென்ன விழும் என்று பாருங்கள்: சட்டைப் பொத்தான், திருகாணி வளையம், துணி துவைக்கும் கடையின் டோக்கன், வளைந்த காசு, பிசின் ஒட்டிய காசு, சுற்றுலா போய் வந்தவர்கள் கொண்டுவந்த வெளிநாட்டுக் காசு. இவற்றோடு, முழுக்க வெள்ளி கலந்த பழைய அமெரிக்கக் காசும் அதே தட்டில்தான் விழும். மட்டமானதும் உயர்ந்ததும் அதன் கணக்குக்கு ஒன்றே, இரண்டுமே 'வேறு'.

வெள்ளி எப்படிப் போயிற்று?

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுவரை தேதியிட்ட 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் ஆகியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அறுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளி விலை ஏறி, ஓர் அவுன்ஸ் 1 டாலர் 29 சென்டைத் தொட்டது. அந்த விலையில் ஒரு டாலர் வெள்ளிக்காசின் உலோகம் சரியாக ஒரு டாலருக்குச் சமம். அதற்கு மேல் ஏறினால் காசைச் செலவு செய்வதைவிட உருக்குவது லாபம். நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. 1965இல் நாணயச் சட்டத்தை மாற்றினார்கள். 10 சென்டும் 25 சென்டும் நடுவில் செம்பு, இருபுறமும் செம்பு நிக்கல் கலவைத் தகடு என்று ஆயின. அரை டாலரில் மட்டும் 1970 வரை நூற்றுக்கு நாற்பது வெள்ளி விட்டு வைத்தார்கள்.

அடுத்து நடந்தது எந்த மளிகைக்காரருக்கும் புரியும். பழைய பாஸ்மதியும் புது அரிசியும் ஒரே விலை என்று போர்டு வைத்தால், வருகிறவர் எதைக் கேட்பார்? ஐந்தாறு வருடங்களில் வெள்ளிக்காசு கல்லாக்களிலிருந்து மறைந்துவிட்டது. உருக்குவதையும் ஏற்றுமதி செய்வதையும் 1967இல் தடை செய்து பார்த்தார்கள். 1969இல் அந்தத் தடையையும் நீக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1965இல் செம்பு நடுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இயந்திரங்கள்தான். காசு போட்டால் குளிர்பானமும் சிகரெட்டும் தரும் பெட்டிகள் அப்போதே நாடு முழுக்க இருந்தன. பழைய வெள்ளிக்காசையும் புதிய காசையும் அவை ஒன்றாகவே ஏற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்த அடுக்குத் தகட்டை அமைத்தார்கள். அன்றைய பெட்டிக்கு அவ்வளவு நுணுக்கம் போதும். இன்றைய எண்ணும் இயந்திரமோ தோலையும் நடுவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வெள்ளிக்காசில் தோலும் நடுவும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

மறைந்துபோன காசு இன்று எங்கிருந்து தட்டுக்கு வருகிறது என்று கேட்பீர்கள். பாட்டியோ தாத்தாவோ டப்பாவில் போட்டு வைத்தது. அவர்கள் காலமான பிறகு வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள், டப்பாவைத் திறந்து ஆண்டு பார்க்காமல் அப்படியே கொண்டுவந்து இயந்திரத்தில் கொட்டுகிறார்கள். இயந்திரம் துப்பிய காசை 'செல்லாதது போலிருக்கிறது' என்று விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளி 10 சென்டில் 2.25 கிராம் வெள்ளி. 25 சென்டில் 5.6 கிராம் சொச்சம். அரை டாலரில் 11.25 கிராம். நாணய உலகில் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஓர் அவுன்ஸ் 30 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், 10 சென்டுக்கு 2 டாலருக்கு மேல், 25 சென்டுக்கு 5 டாலருக்கு மேல், அரை டாலருக்கு 10 டாலருக்கு மேல் உலோக விலை மட்டும் வருகிறது. 2025இல் வெள்ளி 50 டாலரையும் தாண்டியது. வெள்ளி வியாபாரம் அறிந்தவர்கள் மீதிக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

கண்டுபிடிக்கும் முறை

என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது கடையில் சாமான் பார்த்ததைவிட இந்த இயந்திரத்துப் பக்கம் நின்றதே அதிகம். (மளிகைக்காரன் கண் வேறு எங்கே போகும்? அவர்கள் பருப்பு அடுக்கியிருக்கும் முறையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஆண்டு; 1964 அல்லது அதற்கு முன்பா என்று பார்க்க வேண்டும். ஆண்டு தேய்ந்திருந்தால் விளிம்பைப் பார்க்க வேண்டும். புதிய காசின் விளிம்பில் செம்பு நிறத்தில் ஒரு கோடு தெரியும். வெள்ளிக்காசின் விளிம்பு முழுக்க வெண்மை. சந்தேகம் இருந்தால் நகைக்கடைத் தராசு தீர்த்து வைக்கும். வெள்ளி 25 சென்ட் 6.25 கிராம், புதியது 5.67 கிராம். சுண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தராசும் வேண்டாம். வெள்ளியின் ஓசை நீண்டு ஒலிக்கும், மற்றது 'டக்' என்று அடங்கிவிடும்.

சிறிய காந்தம் ஒன்று கையில் இருப்பது நல்லது. தட்டில் அதிகம் விழும் வெளிநாட்டுக் காசு கனடாவுடையது. அளவில் அமெரிக்கக் காசை ஒட்டியே இருக்கும். இன்றைய கனடாக் காசு எஃகின்மேல் பூச்சு, காந்தத்தில் ஒட்டும். ஆனால் 1966 வரை கனடாவின் 10, 25 சென்டில் நூற்றுக்கு எண்பது வெள்ளி. 1968இல் பாதி வெள்ளியிலும் ஒரு பகுதி, முழு நிக்கலிலும் ஒரு பகுதி என்று ஒரே ஆண்டில் இரண்டு விதமாக அடித்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தத்தை நீட்டினால் நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

காந்தத்தின் இன்னொரு வேலை 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருடம் துத்தநாகப் பூச்சுப் போட்ட எஃகில் அடித்தார்கள். இயந்திரம் இதை ஏற்காது. கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் பெரிய விலை இல்லை. கோடிக்கணக்கில் அடித்த காசு. அதே ஆண்டில் தவறிப்போய் வெண்கலத் தகட்டில் அடிபட்ட ஒரு சில காசுகள் உண்டு. அவைதான் பெரும் விலைக்குப் போகின்றன. அதற்காகவே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கும் ஆசாமிகளும் தோன்றிவிட்டார்கள். முலாம் கண்ணை ஏமாற்றும், காந்தத்தை ஏமாற்றாது.

எது கிடைத்தாலும் துலக்கக் கூடாது. நம்மவர்களுக்குப் பழைய காசு கிடைத்தால் கை தானாகப் புளியையும் சாம்பலையும் தேடும். பூஜைப் பாத்திரத்துக்கு அது சரி. சேகரிப்பவர் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைக் கண்டால் விலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும்.

இயந்திரம் விழுங்கிவிடுவது

தட்டில் விழுவதெல்லாம் விலை உள்ளது என்று நினைப்பது எவ்வளவு தவறோ, விலை உள்ளதெல்லாம் தட்டில் விழும் என்று நினைப்பதும் அவ்வளவு தவறு. இயந்திரத்துக்கு உலோகம் தெரியும், ஆண்டு தெரியாது. 1909இல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்து, வடிவமைத்தவரின் முதலெழுத்துகள் பின்புறம் பொறித்த ஒரு சென்ட் காசுகள் 4,84,000 மட்டுமே. சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கும் காசு அது. அதைக் கொட்டினாலும் இயந்திரம் ஒரு சென்ட் என்று எண்ணி உள்ளே தள்ளிவிடும். உலோகம் வழக்கமான வெண்கலம்தானே.

போர்க்காலத்து 5 சென்ட் இன்னொரு உதாரணம். 1942 பிற்பகுதியிலிருந்து 1945 வரை அதில் நிக்கலை நீக்கி, நூற்றுக்கு 35 பங்கு வெள்ளி, 56 செம்பு, 9 மாங்கனீசு என்று கலந்தார்கள். பின்புறம் கட்டடத்தின் கும்மட்டத்துக்கு மேலே பெரிதாக ஓர் எழுத்து இருந்தால் அது இந்த வகை. மாங்கனீசு சேர்த்ததே அன்றைய விற்பனைப் பெட்டிகள் இதையும் பழைய நிக்கல் காசைப் போலவே ஏற்க வேண்டும் என்பதற்காக. ஆகவே வெள்ளி இருக்கிறது என்பதால் மட்டும் இது கழிசலுக்கு வந்துவிடும் என்று நம்ப முடியாது. சாடியைக் கொட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு துணியில் பரப்பிப் பார்ப்பதுதான் வழி.

ஒரு சென்ட் பற்றி இன்னும் ஒன்று. 1982 நடுவில் அதைச் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாற்றினார்கள், 3.11 கிராம் 2.5 கிராம் ஆயிற்று. பழைய செம்புச் சென்டில் ஒரு சென்டைவிட அதிக விலைக்கு உலோகம் இருக்கிறது. ஆனால் சென்டையும் 5 சென்டையும் உருக்குவதை 2006 டிசம்பரில் தடை செய்துவிட்டார்கள். அடிக்கும் செலவு ஒரு சென்டுக்கு மூன்றரை சென்டுக்கு மேல் போனதால், புழக்கத்துக்கான கடைசிச் சென்டை 2025 நவம்பர் 12ஆம் தேதி பிலடெல்பியாவில் அடித்து நிறுத்தினார்கள். கையில் இருப்பவை செல்லும். இனி சாடிகள் இன்னும் வேகமாகக் கடைக்கு வரும் என்பது என் கணிப்பு.

தட்டில் கிடப்பது யாருடையது? கொட்டியவருடையது என்பது என் கருத்து. அவர் கடையை விட்டுப் போகுமுன் 'ஐயா, உங்கள் காசு கிடக்கிறது' என்று ஒரு குரல் கொடுக்கக் கடைப் பையனுக்கு என்ன செலவு? முன்பின் தெரியாதவர் போட்டுவிட்டுப் போனதைப் பிறகு எடுப்பது வேறு. வாடிக்கையாளர் கண்ணெதிரே நிற்கும்போது பார்த்தும் பாராமல் இருந்துவிட்டு, போனதும் கையை விடுவது நம் தொழிலுக்கு அடுத்ததல்ல.

நம் கல்லாவின் கழிசல் டப்பா

நம் கடைகளில் அந்த இயந்திரம் இல்லை. ஆனால் கழிசல் தட்டு எல்லாக் கல்லாவிலும் இருக்கிறது. ஒரு பழைய டால்டா டப்பாவோ ஹார்லிக்ஸ் மூடியோ இருக்கும். வளைந்தது, துளை விழுந்தது, சிங்கப்பூர்க் காசு, இலங்கைக் காசு, கால் ரூபாய் எல்லாம் அதில். ஒரு நாள் மதியம் வியாபாரம் ஓய்ந்த வேளையில் அதைக் கொட்டிப் பாருங்கள்.

25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா இன்றும் செல்லும். வெள்ளி ரூபாய் கிடப்பது அபூர்வம். இருந்தால் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. 1939 வரை பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, 1940 முதல் 1945 வரை பாதி. 1947இல் வந்தது நிக்கல் ரூபாய். அது காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளீயக் கலவையில் வார்த்த போலிகளும் ஒட்டாது, அதற்குத் தராசு வேண்டும். 1991 வரையிலான செம்பு நிக்கல் ஒரு ரூபாயும் ஒட்டாது, அதற்குப் பின் வந்த எஃகு ரூபாய் ஒட்டும். உலோக ஆசையில் யாரும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவது தண்டனைக்குரிய குற்றம்.

டப்பாவில் பத்து ரூபாய்க் காசு கிடந்தால் அதை எடுத்து நல்ல கல்லாவில் போடுங்கள். ரூபாய்க் குறி இருப்பதும் இல்லாததும், பத்துக் கோடு போட்டதும் பதினைந்து கோடு போட்டதும் எல்லாமே செல்லும். அதுவரை வெளியிட்ட 14 வகையும் செல்லத்தக்கவை என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நம் ஊர்களில் வருடக் கணக்காக இதை வாங்க மறுத்து வாடிக்கையாளரோடு சண்டை போட்டவர்கள் நம் வணிகர்களே. தெரிந்த முகமாக இல்லை என்பதற்காக நல்ல காசைத் தள்ளியதில் அந்தப் பச்சை இயந்திரத்துக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'உங்களிடம் இருக்கும் பழைய 5 ரூபாய்க் காசு பத்து லட்சம் போகும், ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கித் தருகிறோம், வரியும் கமிஷனும் முன்பணமாகக் கட்டுங்கள்' என்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பழைய காசை வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை, அதற்கு எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. பழைய காசில் பெரும்பாலானவை முகவிலையை ஒட்டியே போகும். உண்மையில் வாங்குகிறவர் காசை நேரில் பார்த்து, எடை போட்டு, பணத்தை எண்ணி வைப்பார். விற்பவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும். பணம் கை மாறுவதற்கு முன் வங்கிக் கணக்கை நிறுத்தி வைக்க அந்த முதல் சில மணி நேரந்தான் உதவும்.